அர்னால்டுக்கு பேஸ்மேக்கர் ஏன்? வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு வெல்டிங் ஷாப்புக்குத் திரும்ப முடியுமா?

ஹாலிவுட் நடிகர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர், தனக்கு பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட செய்தியை 2024 மார்ச் 25 அன்று வெளியிட்டார். 'டெர்மினேட்டர்' ஆயிற்றே, தான் இன்னும் கொஞ்சம் மெஷினாக மாறிவிட்டதாகக் கிண்டலாகத்தான் சொன்னார். 2014-ல் 'ஐ' பட இசை வெளியீட்டுக்கு சென்னை வந்த அதே அர்னால்ட்தான். ரசிகர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கிண்டலுக்குப் பின்னால் நீளமான கதை இருக்கிறது.

மகாதமனி வால்வில் மூன்று இதழ்கள் இருக்க வேண்டும். அர்னால்டுக்குப் பிறவியிலேயே இரண்டுதான். 1997-ல் முதல் வால்வு ஆபரேஷன், 2018-ல் இன்னொன்று, 2020-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் மகாதமனி வால்வு மாற்று. நான்கு வருடம் கழித்து, பழைய ஆபரேஷன்களால் உண்டான தழும்புத் திசு இதயத் துடிப்பின் சீரைக் கெடுத்ததால் பேஸ்மேக்கர். அடுத்த மாதப் படப்பிடிப்புக்குத் தயாராக இருப்பேன் என்று அவரால் சொல்ல முடிந்தது.

எல்லோராலும் அப்படிச் சொல்லிவிட முடியாது. அதிகாலையில் பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கம் நிறுத்தத்தில் நின்றால், ஐடி கார்டை மாட்டிக்கொண்டு ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் பார்க்கலாம். இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று பஸ்கள் பிரிந்து போகின்றன. கார், லாரி, பைக், செல்போன் எல்லாம் தயாராகிற பகுதி இது. இங்கே வேலை பார்க்கும் ஒருவருக்கு வால்வு மாற்று ஆபரேஷன் முடிந்து, 'பேஸ்மேக்கரும் வைக்கணும்' என்று டாக்டர் சொன்னால் வரும் கேள்வி வேறு: 'மறுபடி லைனுக்குப் போக முடியுமா?'

வால்வை மாற்றினால் கரண்ட் ஏன் போகிறது?

மகாதமனி வால்வு என்பது இதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் ரத்தம் கிளம்பும் வாசலில் இருக்கும் கதவு. ஆங்கிலத்தில் அயோர்டிக் வால்வு. 2024 செப்டம்பர் கடைசியில் ரஜினிகாந்த் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது 'அயோர்டா' என்ற சொல் எல்லார் வாயிலும் புழங்கியது. அவருக்குச் சிக்கல் அந்த ரத்தக்குழாயில். ஸ்டென்ட் வைத்துச் சரிசெய்தார்கள். இங்கே பேசுவது குழாயைப் பற்றி அல்ல, அதன் வாசலில் இருக்கும் கதவைப் பற்றி.

இந்தக் கதவு இரண்டு வகை ஆட்களுக்குக் கெட்டுப்போகிறது. ஒன்று, இளைஞர்கள்: சின்ன வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சல் வால்வைத் தின்றிருக்கலாம். அல்லது அர்னால்ட் மாதிரி பிறவியிலேயே இரண்டிதழ் வால்வு இருக்கலாம். நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இது உண்டு. இன்னொன்று, அவர்களின் அப்பா அம்மாக்கள்: 65 வயதுக்கு மேல் வால்வில் கால்சியம் படிந்து, துருப்பிடித்த கேட் மாதிரி திறக்க மறுக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இதயத்தின் மேல் அறையில் பிறக்கும் மின்சாரம் கீழ் அறைகளுக்குப் போக ஒரே ஒரு வழிதான். நடுவில் ஏவி நோட் என்ற ஒரு நிறுத்தம். அங்கிருந்து ஒரு மெல்லிய நரம்புக் கற்றை போலக் கீழே இறங்கி, வலது, இடது என்று இரண்டாகப் பிரியும். 1893-ல் வில்ஹெல்ம் ஹிஸ் என்ற மருத்துவர் விவரித்ததால் அதற்கு ஹிஸ் கற்றை என்று பெயர். உண்மையில் அது நரம்பு அல்ல, மின்சாரம் கடத்தும் விசேஷமான தசை. இந்தக் கற்றை ஓடும் இடம்தான் பிரச்சினை: மகாதமனி வால்வின் விளிம்புக்கு நேர் கீழே, சில மில்லிமீட்டர் தூரத்தில்.

பிளான்ட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். சுவரில் பழைய கேட்டைப் பெயர்த்துவிட்டுப் புதுசு மாட்டுகிறீர்கள். அந்தச் சுவருக்குள்ளேயே மெயின் கேபிள் போகிறது. மாற்று கேபிளும் கிடையாது. கால்சியத்தைச் சுரண்டும்போதோ தையல் போடும்போதோ கேபிள் அடிபடலாம். அடிபடாவிட்டாலும் சுற்றியுள்ள திசு வீங்கி அதை அமுக்கலாம். இதில் சர்ஜன் தப்பு செய்தார் என்று அர்த்தமில்லை. கதவும் கேபிளும் அவ்வளவு பக்கத்தில் அமைந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

'ஹார்ட்ல பிளாக்' — எந்த பிளாக்?

ஐசியூ வாசலில் பெரிய குழப்பமே இங்கேதான் நடக்கிறது. நம் ஊரில் 'ஹார்ட்ல பிளாக்' என்றால் ரத்தக்குழாய் அடைப்பு. ஸ்டென்ட், பைபாஸ் என்று மனசு ஓடும். வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் 'கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்' என்று சொன்னால் அது ரத்தத்தின் அடைப்பு இல்லை, மின்சாரத்தின் அடைப்பு. மேல் அறை 80 தடவை துடிக்கும்; அந்தச் செய்தி கீழே வந்து சேராது. கீழ் அறை தன் பாட்டுக்கு 30, 40 தடவை மெதுவாகத் துடித்துக்கொண்டிருக்கும், சிலருக்கு அதுவும் நிற்கும். 'வால்வு மாத்தும்போதே அடைப்பையும் எடுத்திருக்கலாமே' என்று சொந்தக்காரர்கள் கேட்பது இந்த ஒரு சொல் செய்யும் வேலை.

எத்தனை பேருக்கு வரும்?

நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷனில் ஏறத்தாழ நூற்றில் மூன்று முதல் ஆறு பேருக்கு நிரந்தர பேஸ்மேக்கர் தேவைப்படுகிறது. தொடை வழியாகக் குழாய் விட்டு வால்வைப் பொருத்தும் 'டாவி' முறையில் இந்த எண்ணிக்கை பெரும்பாலும் கூடுகிறது. கத்தி இல்லை, சீக்கிரம் வீடு திரும்பலாம் என்பதால் 'டாவி'யில் எல்லாமே லேசு என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

2002-ல் பிரான்ஸின் ரூவான் நகரில் அலென் கிரிபியே முதன்முதலில் செய்த முறை அது. இதில் பழைய வால்வை வெட்டி எடுப்பதில்லை. உலோக வலைக் கூட்டோடு இருக்கும் புது வால்வை அதற்குள்ளேயே விரித்துவிடுவார்கள். கூடு எந்த அளவுக்குக் கீழே இறங்கி சுவரை அழுத்துகிறதோ, அந்த அளவுக்குக் கேபிளுக்கு ஆபத்து. எந்த வகை வால்வு என்பதும் முக்கியம். 2019 மார்ச்சில் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பலூனால் விரிக்கும் வால்வை ஆராய்ந்த 'பார்ட்னர் 3' ஆய்வில் 30 நாளுக்குள் புதிதாக பேஸ்மேக்கர் தேவைப்பட்டவர்கள் 6.5 சதவீதம், அதே ஆய்வில் திறந்த ஆபரேஷன் செய்தவர்களில் 4 சதவீதம். தானாக விரியும் வால்வை ஆராய்ந்த 'எவல்யூட் லோ ரிஸ்க்' ஆய்விலோ 17.4 சதவீதம்; ஆபரேஷன் தரப்பில் 6.1. அதன் பிறகு வால்வைச் சற்று மேலேயே பொருத்தும் உத்திகள் வந்து இந்த எண்ணிக்கை குறைந்திருக்கிறது. இருந்தாலும் அப்பாவுக்கு 'டாவி' என்று முடிவானால், 'எந்த வகை வால்வு, உங்ககிட்ட எத்தனை பேருக்கு பேஸ்மேக்கர் ஆச்சு?' என்று கேட்பதில் தப்பே இல்லை.

யாருக்கு வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லும் துப்பு, ஆபரேஷனுக்கு முந்தைய சாதாரண ஈசிஜியிலேயே இருக்கிறது. வலது கிளை ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்றால் அதில் 'ரைட் பண்டில் பிராஞ்ச் பிளாக்' என்று எழுதியிருக்கும். பல பேர் இதோடு பல வருடம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார்கள். ஆனால் வால்வு வேலையில் இடது பக்கமும் அடிபட்டால், இரண்டு லைனும் போய்விடும். பேஸ்மேக்கருக்கு இருப்பதிலேயே வலுவான முன்னறிகுறி இதுதான். ஆகவே ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் ஈசிஜி ரிப்போர்ட்டில் அந்த நான்கு சொற்கள் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் டாக்டரிடம் பேசிவிடலாம். அப்புறம் ஐசியூ வாசலில் அதிர்ச்சி குறையும்.

அந்த ஐந்து நாள்

திறந்த ஆபரேஷன் முடிந்து வெளியே வருபவரின் மார்புக்குக் கீழே, தோலை ஊடுருவி வரும் மெல்லிய ஒயர்களைப் பார்க்கலாம். கட்டிலோரத்தில் ஒரு சின்னப் பெட்டியில் அவை இணைந்திருக்கும். அது தற்காலிக பேஸ்மேக்கர். இதய ஆபரேஷன்களில் முன்னெச்சரிக்கையாக வைப்பது. பெரும்பாலானவர்களுக்கு டிஸ்சார்ஜுக்கு முன் உருவி எடுத்துவிடுவார்கள்.

இந்தப் பெட்டி பிறந்ததே இப்படி ஒரு சிக்கலில்தான். 1950-களில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், குழந்தைகளுக்கு இதய ஆபரேஷன் செய்த வால்டன் லில்லிஹை, ஆபரேஷனுக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு ஹார்ட் பிளாக் வருவதைப் பார்த்தார். அப்போதிருந்த கருவி சுவர் பிளக்கில் ஓடியது. 1957 அக்டோபர் 31-ல் அந்த நகரில் கரண்ட் போனது. பேட்டரியில் ஓடுகிற ஒன்றைச் செய்து தரச் சொல்லி, மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஏர்ல் பேக்கனிடம் கேட்டார் லில்லிஹை. சங்கீதத்துக்குத் தாளம் போடும் மெட்ரோனோமின் சர்க்யூட்டை ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் பார்த்திருந்த பேக்கன், அதை அடிப்படையாக வைத்துச் சில வாரங்களில் கழுத்தில் மாட்டக்கூடிய பேஸ்மேக்கரைச் செய்து கொடுத்தார். ஒரு கராஜில் அவர் தொடங்கிய மெட்ரானிக் இன்று உலகின் மிகப் பெரிய மருத்துவக் கருவி நிறுவனங்களில் ஒன்று. பவர் கட்டோடு வளர்ந்த நமக்கு இந்தக் கதை கூடுதலாகவே பிடிக்கும்.

ஹார்ட் பிளாக் வந்தவுடனே நிரந்தர பேஸ்மேக்கர் வைத்துவிடுவதில்லை. வீக்கம் வடிந்தால் கேபிள் திரும்ப உயிர்பெறலாம். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல்படி, திறந்த ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்தது ஐந்து நாள் காத்திருந்து பார்க்க வேண்டும். 'டாவி'யில் 24 முதல் 48 மணி நேரம். 'ஏன் இழுத்தடிக்கிறாங்க, பில்லு ஏறுதே' என்று குடும்பம் டென்ஷன் ஆவது இந்த நாட்களில்தான். தேவையில்லாத ஒரு கருவியை வாழ்நாள் முழுக்கச் சுமக்காமல் இருக்க இந்தக் காத்திருப்பு உதவுகிறது. அதையும் மீறி பேஸ்மேக்கர் வைத்தவர்களில் ஒரு பகுதியினருக்குச் சில மாதங்களில் சொந்த மின்சாரம் திரும்பிவிடுகிறது. அப்போது கருவி ஸ்டெப்னி டயர் மாதிரி சும்மா இருக்கும். அதைப் பொதுவாக வெளியே எடுப்பதில்லை.

'டாவி' செய்துகொண்டவர்களில் சிலருக்கு வீட்டுக்கு வந்த பிறகும் பிளாக் வரலாம். அம்மாவுக்கு முதல் சில வாரங்களில் திடீர் மயக்கமோ கண் இருட்டலோ வந்து, கையிலிருக்கும் ஸ்மார்ட்வாட்ச் நாடித்துடிப்பை 40-க்குக் கீழே காட்டினால், அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்க வேண்டாம். நேராக மருத்துவமனைக்குத்தான்.

ஷாப் ஃப்ளோரில் என்ன ஆகும்?

பேஸ்மேக்கர் எந்நேரமும் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும் கருவி அல்ல. அது முதலில் கேட்கும். இதயம் தானாகத் துடித்தால் சும்மா இருக்கும். துடிக்காவிட்டால் மட்டும் தட்டிவிடும். வெளியிலிருந்து வரும் பலமான மின்காந்தச் சத்தத்தை இதயத் துடிப்பு என்று அது தப்பாக எடுத்துக்கொண்டால், தட்ட வேண்டிய நேரத்தில் தட்டாமல் இருந்துவிடும். சொந்தத் துடிப்பு திரும்பிவிட்டவருக்கு இது பெரிய விஷயமில்லை. முழுக்க பேஸ்மேக்கரையே நம்பியிருப்பவருக்குச் சில விநாடிகளில் தலை சுற்றும். மிஷின் பக்கத்தில் நிற்பவருக்கு அந்தச் சில விநாடி போதும்.

அதனால் டிஸ்சார்ஜ் ஆகும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'நான் முழுசா பேஸ்மேக்கரை நம்பித்தான் இருக்கேனா டாக்டர்?' என்பது. மூன்று மாதம் கழித்து செக்கப்பில் அதையே மறுபடி கேட்க வேண்டும். பதில் மாறியிருக்கலாம்.

பிளான்ட்டில் பெரும்பாலான வேலைகளுக்குத் தடையே இல்லை. அசெம்ப்ளி லைன், குவாலிட்டி செக், ஸ்டோர்ஸ், கம்ப்யூட்டர், ஒழுங்காக எர்த் செய்யப்பட்ட சாதாரண மெஷின்கள், எல்லாம் சரி. சிக்கல் சில இடங்களில்தான். ஆர்க் வெல்டிங்கில் கரண்ட்டை 130 முதல் 160 ஆம்பியருக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கின்றன பேஸ்மேக்கர் நிறுவனங்கள்; எல்லை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆர்க்கும் கேபிளும் நெஞ்சிலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், கேபிளைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொள்ளக் கூடாது, தனியாக வேலை செய்யக் கூடாது. கார் பாடியை ஒட்டும் ஸ்பாட் வெல்டிங் வேறு ரகம்; அதில் ஓடுவது ஆயிரக்கணக்கான ஆம்பியர். கையால் இயக்கும் ஸ்பாட் வெல்டிங் கன்னை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துச் செய்யும் வேலைக்குத் திரும்புவது புத்திசாலித்தனம் இல்லை. கூண்டுக்குள் ரோபோ வெல்டிங் செய்ய, வெளியே நின்று பேனலை இயக்குவது வேறு கதை. இண்டக்ஷன் ஹீட்டிங், இரும்பைத் தூக்கும் காந்த கிரேன், டீமேக்னடைசர் — இவற்றின் அருகில் வேலை என்றால் முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் காந்தப்புலத்தை அளந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கும் வழக்கமும் உண்டு. 'பேஸ்மேக்கரா, வெல்டிங் ஷாப்பே வேண்டாம்' என்று ஒரேயடியாகச் சொல்வதைவிட அதுதான் நியாயம்.

காந்தம் கருவியைக் கெடுத்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. கெடுக்காது. பக்கத்தில் இருக்கும்வரை பேஸ்மேக்கர் கேட்பதை நிறுத்திவிட்டு ஒரே வேகத்தில் தட்டிக்கொண்டிருக்கும். காந்தத்தை எடுத்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும். சுங்குவார்சத்திரத்தில் தயாராகும் ஐபோன்களிலும் காந்தம் இருக்கிறது. கருவியிலிருந்து 15 சென்டிமீட்டர், வயர்லெஸ் சார்ஜிங்கின்போது 30 சென்டிமீட்டர் தள்ளி வைக்க ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. சட்டை மேல்பாக்கெட்டில் போன் வைக்கும் பழக்கத்தை விட வேண்டும், அவ்வளவே. பைக் ஓட்டலாம், ஸ்டார்ட் ஆகியிருக்கும் இன்ஜின் மேல் நெஞ்சை வைத்துக் குனிந்து பார்க்க வேண்டாம்.

கருவி வைத்த பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்காமல் நான்கு முதல் ஆறு வாரம் இருக்க வேண்டும். ஒயர் இதயத்தில் வேர்பிடிக்க அந்த அவகாசம். தலைக்கு மேலே போல்ட் முடுக்கும் வேலைக்காரருக்கு இது ஷிப்ட் மாற்றம் கேட்க வேண்டிய விஷயம். அதோடு, 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் உலோக வால்வுதான் வைக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம் உருவாக்கி 1990 டிசம்பரில் முதன்முதலில் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு அந்த வகை. உலோக வால்வு என்றால் ரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் மாத்திரை. வாராவாரமோ மாதாமாதமோ ஐஎன்ஆர் பரிசோதனை. ஷீட் மெட்டலில் கை கிழித்தால் ரத்தம் சட்டென்று நிற்காது. நிதானமாகப் பார்த்தால், ஷாப் ஃப்ளோரில் பேஸ்மேக்கரைவிட இந்த மாத்திரைதான் தினசரி கவனம் கேட்கிறது.

முப்பது வயதில் பேஸ்மேக்கர் வைத்தால் இன்னொரு கணக்கும் உண்டு. பேட்டரி சுமார் 8 முதல் 12 வருடம். தீரும்போது தோலுக்கடியில் இருக்கும் பெட்டியை மட்டும் மாற்றுவார்கள், ஒயர்கள் அப்படியே இருக்கும். 1958-ல் உலகில் முதன்முதலில் உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட ஸ்வீடன்காரர் ஆர்னே லார்சன் 26 கருவிகளைப் பார்த்துவிட்டு 2001-ல் 86 வயதில் இறந்தார். கீழ் அறையை வலது பக்கத்திலிருந்தே பல வருடம் தட்டிக்கொண்டிருந்தால் சிலருக்கு இதயத் தசை பலவீனமாகலாம். அதனால் எக்கோ பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள இயற்கையான கிளையிலேயே ஒயரைச் செருகும் புது முறை இப்போது பரவி வருகிறது. இளம் நோயாளிகள் அதைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம்.

மேனேஜரிடம் சொல்லலாமா?

'இப்ப ரெஸ்ட் எடு தம்பி, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று காண்ட்ராக்டர் சொல்லும்போது அந்த 'அப்புறம்' வராமலே போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. அதனால் பேஸ்மேக்கரை மறைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. சேஃப்டி ஆபீசருக்குத் தெரியாவிட்டால் இண்டக்ஷன் ஃபர்னஸ் பக்கம் டியூட்டி போடுவார். மயங்கி விழுந்தால் முதலுதவிக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியாது.

கையில் இருக்க வேண்டியது காகிதம். 'கனமான வேலை தவிர்க்கவும்' என்ற ஒற்றை வரி சர்டிபிகேட்டால் பயனில்லை. அதை வைத்து வேலையை விட்டு நிறுத்துவதுதான் சுலபம். எந்தக் கருவி, பேஸ்மேக்கரை நம்பியிருக்கும் அளவு, எந்த மெஷினிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை வாரம் கை தூக்கக் கூடாது என்று விவரமாக டாக்டர் எழுதித் தர வேண்டும். அப்படி எழுதினால் அது வேலை மாற்றிக் கொடுப்பதற்கான கடிதம் ஆகிவிடும்.

இஎஸ்ஐ சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வரம்புக்குள் இருப்பவருக்குச் சிகிச்சையோடு, நோய்க்கால உதவியாக 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் உண்டு. நீண்டகால நோய்களுக்கான நீட்டிக்கப்பட்ட உதவியில் அது 80 சதவீதம். சிக்கல்களோடு கூடிய வால்வு நோயும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இரண்டுக்குமே சந்தா நாட்கள் கணக்கு உண்டு என்பதால், காண்ட்ராக்டர் உண்மையிலேயே சந்தா கட்டியிருக்கிறாரா என்பதை ஆபரேஷன் தேதிக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். நோய்க்கால உதவி வாங்கும் நாட்களில் தொழிலாளியை நீக்கக் கூடாது என்று 1948-ம் ஆண்டு இஎஸ்ஐ சட்டத்தின் 73-வது பிரிவு எழுதிவைத்தது. ஆனால் பாதுகாப்பு அந்த நாட்களுக்குத்தான். உதவி முடிந்து மெஷின் முன்னால் போய் நிற்கும் நாளில் துணை நிற்பது டாக்டர் எழுதிய அந்த விவரமான கடிதமே.

வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கும் இன்ஜினீயர்கள் கம்பெனி இன்சூரன்ஸை நம்புகிறார்கள். அப்பாவின் வால்வுக்கே அந்த வருடத் தொகை முழுக்கத் தீர்ந்துவிட்டால், ஆறாம் நாள் வரும் பேஸ்மேக்கர் பில் கையிலிருந்துதான் போகும். முன் அனுமதி கேட்கும்போதே பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பையும் மருத்துவமனை குறிப்பிட முடியுமா என்று கேட்டுவிடலாம்.

மருத்துவமனை தரும் பேஸ்மேக்கர் அடையாள அட்டையில் கருவியின் பெயர், மாடல், எம்ஆர்ஐ எடுக்கலாமா என்ற விவரம் இருக்கும். அதைக் கம்பெனி ஐடி கார்டு உறையிலேயே செருகி வைத்துக்கொள்ளலாம். ஷிப்ட் ஆரம்பத்தில் கேட்டில் செக்யூரிட்டியிடம் அதைக் காட்டினால் போதும். டோர் ஃப்ரேம் வழியாக நிற்காமல் நடந்து போகலாம். கையில் பிடித்துத் தடவும் மெட்டல் டிடெக்டரை மட்டும் நெஞ்சுப் பக்கம் கொண்டு வராமல், கையாலேயே சோதிக்கச் சொல்ல வேண்டும்.